தயாரித்தவர்: ராக்கான்

“யார் பேரைப் போடறது?”

கேட்டவன் வஸீம். கணக்கு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கத் தலைநகர் அம்மானிலிருந்து வந்திருந்த இளைஞன். கேட்டது நௌஃபாவிடம். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். அதைக் கற்றுக்கொள்ளப் போகிறவளும் அவள்தான். ஆகவே அது நியாயமான கேள்வி. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். புது ஆளிடம் பேசுவதென்றால் அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முதல் எழுத்து வெளியே வருவதற்குள், கதவில் சாய்ந்து நின்ற அண்ணன் ஃபவ்வாஸ் முந்திக்கொண்டான்.

“ஒத்தை எழுத்து போடு. ‘ந’ன்னு.”

“ஒரே எழுத்தா, ஹாஜி?”

“கல்யாணப் பத்திரிகைல போடறதில்லையா? அந்த மாதிரிதான்.”

பத்திரிகையில் போடுவார்கள்தான். போன மாதம் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர், அவன் அப்பா பெயர், தாத்தா பெயர், குலத்தின் பெயர் எல்லாம் தங்க எழுத்தில் நீட்டிப் படுத்திருந்தன. பெண்ணுக்கு ஒரு எழுத்து. அதற்குப் பூவும் கொடியும் சுற்றி அழகு செய்திருந்தார்கள்.

வஸீம் அந்த ஒற்றை எழுத்தைத் தட்டினான். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

“மூணு எழுத்தாவது வேணுங்குது.”

“தங்கச்சின்னு போட்டுக்கோ.”

“யாரோட தங்கச்சின்னு கேப்பாங்களே. இந்தப் பேர் உள்ளயே கிடக்காது ஹாஜி. ஒவ்வொரு பில்லுக்கும் அடியில ‘தயாரித்தவர்’னு அச்சாகி வெளிய போகும்.”

ஃபவ்வாஸ் சாய்ந்திருந்த கதவிலிருந்து நிமிர்ந்தான். “பில்லுலயா? இந்த ஊர்ல ஆடு மேய்க்கறவன் எல்லாம் என் தங்கச்சி பேரை மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்கிட்டுத் திரியணுமா?”

அறை நடுவே, பாயில் தவழ்ந்துகொண்டிருந்த ஃபவ்வாஸின் மகன் டி.வி. ரிமோட்டை ஈறால் கடித்துக்கொண்டிருந்தான். ஃபவ்வாஸின் கண் அங்கே போய் நின்றது. முகம் மலர்ந்தது.

“ராக்கான்னு போடு.”

ராக்கானுக்கு அப்போது எட்டு மாதம்.

ஆனால் அந்தப் பெயருக்கு வயது அதிகம். தாத்தாவின் பெயர் அது; பிறக்கப்போகும் மூத்த மகனுக்கென்று எடுத்து வைத்தது. மீசை அரும்பிய நாளிலிருந்தே ஃபவ்வாஸை ஊர் ‘அபூ ராக்கான்’ என்றுதான் கூப்பிட்டது, ராக்கானின் அப்பா என்று. கல்யாணம் ஆனது, நான்கு பெண்கள் பிறந்தார்கள், அவன் அபூ ராக்கானாகவே இருந்தான். நாற்பது வயதில் ஒருவழியாக ராக்கான் வந்து சேர்ந்தான். வந்த கையோடு அவனுக்கு வேலையும் கிடைத்துவிட்டது.

மஃப்ரக்கில், பாக்தாத் சாலையில் ஆட்டுத் தீவனக் கடை அவர்களுடையது. பார்லி, தவிடு, உப்புக்கட்டி, குட்டிகளுக்கான பால் மாவு. கையால் எழுதிய பில் இனிச் செல்லாது, எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வரவேண்டும் என்று வரி அலுவலகம் சொன்னதும் முதலில் ஃபவ்வாஸேதான் உட்கார்ந்து பார்த்தான். என்டர் பொத்தானை ஆணி அடிப்பதுபோல் அடித்தான். மவுஸ் சொன்னபடி போகவில்லை என்று அதைச் சுவரில் எறிந்தான். ஊரிலிருந்த கணக்காளர் ஒருவர் மாதச் சம்பளம் கேட்டார். கேட்ட தொகையில் ஒரு கறவை ஆடு வாங்கலாம். அன்று சாப்பாட்டின்போது ஃபவ்வாஸுக்கு ஒரு யோசனை தோன்றியது.

“நௌஃபா சும்மாதானே இருக்கா.”

சும்மா. காலையில் எல்லோருக்கும் ரொட்டி சுட்டு, நான்கு பெண்களுக்கும் தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்து, ராக்கானைத் தூங்கவைத்து, மதியத்துக்குச் சமைத்து, பாத்திரம் கழுவி முடித்தபின், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தேநீர் குடிப்பாள். ஃபவ்வாஸ் கடையிலிருந்து மாடி வீட்டுக்கு வருவது அந்த நேரத்தில். அவன் கண்ணில் பட்டது அந்தத் தேநீர் மட்டும்.

பத்தாம் வகுப்பில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதும் இதே குரல்தான். அம்மாவுக்குக் கைகால் விழுந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ‘நௌஃபா படிச்சு என்ன ஆகப்போகுது’ என்றான். அம்மா போய்ச் சேர்ந்தபிறகும் அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வஸீம் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான். முழுப் பாடத்தையும் ஃபவ்வாஸைப் பார்த்தே நடத்தினான். “ஹாஜி, இங்க பொருள். ஹாஜி, இங்க அலகு. இதை அழுத்தினா பில்லு, அதை அழுத்தினா வாபஸ்.” ஃபவ்வாஸ் கைப்பேசியில் ஆட்டுச் சந்தை விலை பார்த்துக்கொண்டு “ம், ம்” என்றான். கற்றுக்கொண்டது நௌஃபா. பழகிப் பார்க்க வஸீம் ஒரு பொய்க் கம்பெனியையும் உள்ளே வைத்துவிட்டுப் போனான். அதில் என்ன விற்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தப் பொய்க் கம்பெனியில் நௌஃபா கைவந்ததையெல்லாம் விற்றாள். மதினியின் வளையல்களை விற்றாள். ஃபவ்வாஸின் பிக்கப் வண்டியை விற்றாள். ஒருநாள் கோபத்தில் ஃபவ்வாஸையே விற்றாள். பொருள்: ஃபவ்வாஸ். அளவு: ஒன்று. அலகு: மூட்டை. பிறகு பாவமாக இருந்தது, வாபஸ் பில் போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வாபஸ் போடுவது அவளுக்கு அப்படித்தான் பிடிபட்டது.

புரியாத இடம் வந்தால் கேட்க உதவி மையத்தின் எண் இருந்தது. முதல் தடவை கூப்பிடும் முன் பேசவேண்டியதை மனசுக்குள் பலதடவை ஒத்திகை பார்த்தாள்.

“உதவி மையம். சொல்லுங்க.”

“மஃப்ரக்லேர்ந்து பேசறேன். தீவனக் கடை. வாடிக்கையாளர் ஒருத்தரை ரெண்டா பிரிக்கணும்.”

“உங்க பேர் பதிவுல இருக்கா?”

“இல்ல. ராக்கான்னு இருக்கு.”

“அப்ப ராக்கான்கிட்ட போனைக் குடுங்கம்மா. பதிவுல உள்ளவங்ககிட்ட மட்டும்தான் நாங்க பேசலாம்.”

“அவன் தூங்கறான்.”

“மணி பதினொண்ணு ஆகுது. வேலை நேரத்துல தூங்கறாரா?”

“ராத்திரி பூரா அழுதுக்கிட்டே இருந்தான்.”

எதிர்முனையில் குரல் இறங்கியது. “அடடா. வீட்ல ஏதாவது துக்கமாம்மா?”

“பல்லு முளைக்குது,” என்று சொல்லிவிட்டு நௌஃபா போனை வைத்தாள். காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

அடுத்த தடவை “ராக்கான்தான் பேசறேன்” என்றாள். குரல் மெல்லிசாக இருக்கிறதே என்றார்கள். சளி என்றாள். சொல்லிக்கொடுத்தார்கள். அவள் குறித்துக்கொண்டாள். வேலை முடிந்தது. ஆனால் அன்று முழுக்க அவள் வாயில் ஏதோ கெட்டுப்போன பண்டத்தைத் தின்றதுபோல் இருந்தது. தனக்கு வேண்டியதைக் கேட்பதற்குத் தானே இல்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்?

வாடிக்கையாளரைப் பிரிக்கும் விவகாரம் இதுதான். ஊரில் ஒருவனையும் அவன் சொந்தப் பெயரால் யாரும் அறிவதில்லை. மூத்த மகன் பெயரை வைத்து அபூ இவன், அபூ அவன். ஃபவ்வாஸ் சொன்னபடியே கணக்கில் ‘அபூ நாயிஃப்’ என்று அடித்து வைத்தாள். கொஞ்ச நாளில் அபூ நாயிஃப் கத்திக்கொண்டு வந்தார். “என் ஆடு என்ன யானையா? இவ்வளவு தவிடு தின்னுச்சா?” பார்த்தால் சபஹாவில் ஒரு அபூ நாயிஃப், உம்முல் ஜிமாலில் ஒரு அபூ நாயிஃப். இரண்டு பேர் ஆடுகளும் ஒரே கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன.

அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் சொந்தப் பெயரைக் கேட்டு வாங்க ஃபவ்வாஸிடம் சொன்னாள். கேட்டதும் அந்த ஆண்களுக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டும். கீழே கடையில் நின்று தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், குலத்தின் பெயர் என்று நான்கு தலைமுறையை நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். “எழுத்து விட்டுப் போயிடப் போகுது, சரியா அடிக்கச் சொல்லு” என்பார்கள். நௌஃபா ஒரு எழுத்து விடாமல் அடித்தாள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் செத்துப்போன பாட்டன்மாருக்கெல்லாம் இடமிருந்தது. அடிக்கிறவளுக்கு மூன்று எழுத்துக்கு இடமில்லை.

கம்ப்யூட்டர் மாடியில், வீட்டுக்குள். அச்சு இயந்திரம் கீழே, கடையில். அவளை யாரும் பார்க்கவேண்டியதில்லை. அதற்குத்தான் அந்த ஏற்பாடு. மூட்டையை ஏற்றியதும் ஃபவ்வாஸ் படிக்கட்டில் நின்று மேலே பார்த்துக் கத்துவான்.

“ராக்கான்! அபூ நாயிஃபுக்கு, சபஹாக்காரருக்கு, இருபது பார்லி போடு!”

ஒருநாள் இதைக் கேட்டு மதினி இப்திஸாம் விழுந்து விழுந்து சிரித்தாள். “என்னங்க, உங்க புள்ள இன்னும் என் இடுப்புலதான் இருக்கான். இருபது வரைக்கும் எண்ணத் தெரியாது.”

கீழே பில் வந்து விழும். சுத்தமாக, கோடு விலகாமல், பழைய பாக்கி தனியாக, இன்றைய தொகை தனியாக. அடியில்: தயாரித்தவர்: ராக்கான்.

அவள் தப்பே செய்யவில்லை என்று இல்லை. பார்லி மூட்டை ஐம்பது கிலோ, தவிட்டு மூட்டை அதைவிடக் குறைவு. இரண்டுக்கும் ஒரே அலகைப் போட்டுவிட்டாள். மாதக் கடைசியில் பார்த்தால் கிடங்கில் இல்லாத தவிடு கம்ப்யூட்டரில் மலையாகக் கிடந்தது. கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்த நேரம். ஃபவ்வாஸ் படிக்கட்டுக்கு வந்தான்.

“நௌஃபா! அடியே நௌஃபா! என் கடையை மூடவா பாக்கற?”

அத்தனை ஆட்டுக்காரர்களும் கேட்டார்கள். எந்த ஆண் காதிலும் விழக்கூடாத பெயர், இரும்புக் கதவு அதிர ஊருக்கே கேட்டது. நௌஃபா திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டியதால் வந்த வலி இல்லை அது. இந்த வீட்டின் கணக்கு அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சரியாக வந்தால் ராக்கான். தப்பாக வந்தால் நௌஃபா.

அலகைத் திருத்தினாள். மறுநாள் கிடங்கும் கம்ப்யூட்டரும் ஒத்துப்போயின. “ராக்கான்!” என்று கீழேயிருந்து குரல் வந்தது, சந்தோஷமாக.

பிறகு ராக்கானுக்கு ஒன்பது மாதத் தடுப்பூசி வந்தது. இப்திஸாமுக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும். கடையின் கணக்காளரை இடுப்பில் தூக்கிக்கொண்டு நௌஃபாதான் சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆடு வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள் தெரிந்தவர் தேவை. ஆணோ பெண்ணோ. செய்த வேலையின் மாதிரியோடு வரவும்.

அவள் அதை நின்று படித்தாள். மென்பொருளின் பெயரும் போட்டிருந்தது. அவள் தினம் வேலை செய்யும் அதே மென்பொருள். சங்கத்தில் தயிர்க்கட்டி உலர்த்தும் பிரிவு முழுக்கப் பெண்கள்தான். அது அவளுக்குத் தெரியும். ராக்கான் ஊசிக்குக் கதறிய கதறல்கூட அவள் காதில் சரியாக விழவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு காகிதம் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சாப்பாடு முடிந்து ஃபவ்வாஸ் பல் குத்திக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“அண்ணே, சங்கத்துல வேலைக்கு ஆள் கேட்டிருக்காங்க. நம்ம மென்பொருள்தான். நான் போறேன். கடைக் கணக்கையும் வந்து பாத்துக்கறேன்.”

ஃபவ்வாஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்தான்.

“மாதிரி கேட்டிருப்பாங்களே. எதைக் காட்டுவ?”

“நான் போட்ட பில்லை.”

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பில்லை எடுத்துப் பிரித்தான். கடைசி வரியில் விரலை வைத்தான். “இதுல நௌஃபா எங்க இருக்கா? காட்டு, பாப்போம்.”

“மாத்திடலாம். இன்னொரு பேர் சேக்க வழி இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. உன் பாஸ்வேர்டைப் போட்டா போதும்.”

அந்தப் பாஸ்வேர்டு ஒன்றுதான் அந்த மென்பொருளில் ஃபவ்வாஸுக்குத் தெரிந்த விஷயம். அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தான்.

“பேர்ல என்ன இருக்கு? வேலை நடக்குதில்ல?”

“பேர்ல ஒண்ணுமில்லன்னா என் பேரைப் போடேன்.”

“வாயைப் பாரு,” என்றான் ஃபவ்வாஸ் மனைவியிடம். “மவுஸைப் பிடிக்கத் தெரிஞ்சதும் நாக்கு நீண்டுடுச்சு.”

இப்திஸாம் தட்டை அடுக்கினாள். “விடு நௌஃபா. பில்லுல பேர் வந்தா மாப்பிள்ளையா வந்துடப் போறான்?”

நௌஃபா எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். காலை முழுக்க உட்கார்ந்து போட்ட பில்கள், மாதம் முழுக்கச் சரிபார்த்த பாக்கிகள், உதவி மையத்தில் மென்று விழுங்கிய பொய்கள். எல்லாவற்றையும் கூட்டினால் உலகத்தில் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை என்று வருகிறது. செய்தவன் உள்ளே தூளியில் விரல் சூப்பிக்கொண்டிருக்கிறான்.

அந்த வாரத்திலேயே ஒரு பிற்பகலில் அபூ துர்க்கி வீட்டுக்கு வந்தார். கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். ஆட்டு ரோமம் வைத்த கனத்த மேலங்கி, தும்பைப்பூ மீசை. சாலைக்கு அந்தப் பக்கம் தூரத்து ஊர்க்காரர். கடைக்கு ஆள் அனுப்பித்தான் தீவனம் வாங்குவார். அவரே நேரில் வந்ததில் ஃபவ்வாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடிக்கு அழைத்து வந்து மெத்தையில் உட்காரவைத்தான். துணித் திரைக்கு இந்தப் பக்கம், உள்ளறையில், நௌஃபா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். ராக்கான் அவள் காலடியில் காலி நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

ஃபவ்வாஸ் கசப்புக் காப்பியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டுவது கேட்டது. உறிஞ்சும் சத்தம் வரவில்லை. கிண்ணம் தரையில் உட்காரும் சத்தம் வந்தது. அவர் எதையோ கேட்க வந்திருக்கிறார். தருவதாக வீட்டுக்காரன் சொல்லும்வரை குடிக்கமாட்டார். என்ன வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்பவன் ஆண்பிள்ளை இல்லை.

ஃபவ்வாஸ் ஆண்பிள்ளை. “குடிங்க, அபூ துர்க்கி. நீங்க எதுக்கு வந்திருந்தாலும் அது முடிஞ்சுது. என் கழுத்து மேல பொறுப்பு.”

அபூ துர்க்கி குடித்தார். இன்னும் வேண்டாம் என்று கிண்ணத்தை ஆட்டிக் கொடுத்தார்.

“எனக்கு ராக்கான் வேணும்.”

உள்ளே ராக்கானின் நூல்கண்டு உருண்டு சுவரில் முட்டியது.

“எந்த ராக்கான்?” என்றான் ஃபவ்வாஸ்.

“உனக்கு எத்தனை ராக்கான் இருக்கான்? பில்லு போடற உன் மகன்தான். சங்கத்துல லட்சணமா கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்கோம், தூசி தட்டக்கூட ஆளில்ல. சுவத்துல காகிதம் ஒட்டினோம். வந்தவன் எல்லாம் சம்பளத்தை வாயால கேட்டான், வேலையைக் காட்டுன்னா வானத்தைப் பாத்தான். உன் பில்லை எடுத்து வச்சுப் பாத்தேன். அப்படி இருக்கணும். மாசம் முன்னூத்தம்பது தினார் தரேன். தனி மேஜை, குளிருக்கு ஹீட்டர். ஞாயித்துக்கிழமை அனுப்பி வை.”

நௌஃபாவின் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றது.

“பையன் கொஞ்சம் சின்னவன்,” என்றான் ஃபவ்வாஸ்.

“எவ்வளவு சின்னவன்? பதினெட்டு இருக்குமா?”

“அதுக்கும் கொஞ்சம் கீழ.”

“மீசை வந்துடுச்சா?”

“இன்னும் வரல.”

“வராட்டி என்ன? மீசையா கணக்கு போடுது?” அபூ துர்க்கி தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். “நீ அபூ ராக்கான்னு எத்தனை வருஷமா கேக்கறேன். கழுதை வயசாகியிருக்கும் அவனுக்கு. கூப்பிடு, முகத்தைப் பாக்கறேன்.”

“வெளியூர் போயிருக்கான்.”

திரைக்குப் பின்னால் நௌஃபா கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லு, என்று நினைத்தாள். என் தங்கச்சிதான்னு சொல்லு. வார்த்தை குடுத்துட்ட, தப்பிக்க வழியே இல்ல, இப்பவாவது சொல்லு.

ஃபவ்வாஸ் தொண்டையைக் கனைத்தான். குரலில் தெம்பு வந்திருந்தது, வழி கண்டுபிடித்துவிட்டான்.

“ஒண்ணு பண்ணலாம், அபூ துர்க்கி. அவனுக்கு அவ்வளவு தூரம் வர்றது சிரமம். வேலையை எல்லாம் இங்க அனுப்பிடுங்க. ராக்கான் வீட்ல இருந்தே செஞ்சு குடுத்துடுவான். சம்பளத்தை மாசாமாசம் என் கையில குடுத்தா போதும்.”

நௌஃபா எழுந்தாள்.

எழுந்தது யார் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. போன் மணி அடித்தால் மூன்று தடவை அடிக்கவிட்டு எடுக்கிறவள் அவள். முக்காட்டைச் சரிசெய்தாள். குனிந்து ராக்கானைத் தூக்கினாள். திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போனாள். அபூ துர்க்கிக்கு முன்னால், மெத்தை மேல் அவனை உட்காரவைத்தாள்.

“ராக்கான் வெளியூர்லேர்ந்து வந்துட்டான்.”

ராக்கான் அந்தப் பெரிய மீசையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவர் கையிலிருந்த ஜெபமாலையைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான்.

“இது என்னது?” என்றார் அபூ துர்க்கி.

“நீங்க கேட்டவன்தான், மாமா. தனி மேஜை எல்லாம் வேண்டாம், அது மேல ஏறத் தெரியாது. ஹீட்டர் பக்கத்துல மட்டும் விட்டுடாதீங்க, கையை வச்சுடுவான்.”

“நௌஃபா, உள்ள போ,” என்றான் ஃபவ்வாஸ். பல்லுக்குள்ளிருந்து வந்தது.

“போறேன். சொல்லிட்டுப் போறேன்.” குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். “பில்லு போட்டது நான். அந்த மென்பொருளைக் கத்துக்கிட்டது நான். உங்க சங்கத்துக்குப் போன மாசம் தவிட்டு விலை தப்பா வந்து, வாபஸ் போட்டுத் திருத்தி அனுப்பினது நான். அந்தக் காகிதத்தை நானும் படிச்சேன். வரலாம்னு இருந்தேன். கையில காட்ட ஒண்ணும் இல்ல, எல்லாத்துலயும் இவன் பேர் இருக்கு.”

அபூ துர்க்கி அவளைப் பார்க்கவில்லை; பார்க்காமல் இருப்பது மரியாதை. ராக்கானைப் பார்த்தார். அவன் ஜெபமாலையில் ஒழுகவிட்ட எச்சிலைப் பார்த்தார். மீசை ஆடத் தொடங்கியது. அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு, தொடையில் அறைந்து சிரித்தார்.

“இவனை வச்சா எங்க சங்கமே உன்னைப் பெருமையா பேசிச்சு, அபூ ராக்கான்?”

சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு கணக்கும் போட்டுவிட்டார். “சரி. பொண்ணுன்னா நல்லதுதான், அடங்கி ஒடுங்கி வேலை பாக்கும். இருநூத்தம்பதுக்கு முடிச்சுக்கலாம், என்ன?”

ஃபவ்வாஸைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது நௌஃபா.

“பில்லு அதே பில்லுதானே மாமா? மீசை இல்லாதவனுக்கு முன்னூத்தம்பது சொன்னீங்க. எனக்கும் மீசை இல்ல.”

அடுக்களை வாசலில் இப்திஸாம் வந்து நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியிலிருந்து தக்காளிச் சாறு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

அபூ துர்க்கி மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு சின்ன ஆட்டுக்குட்டியின் பேரத்தில் தோற்ற முகம். “முன்னூத்தம்பதே இருக்கட்டும். பில்லுல உன் பேரே வரட்டும், எனக்கு என்ன. எனக்குக் கணக்கு சரியா இருந்தா போதும்.” பிறகு ஃபவ்வாஸ் பக்கம் திரும்பினார். இப்போது சிரிப்பில்லை. “ஆனா வீட்டுக்குப் பெரியவன் நீ. உன் வார்த்தையில குடிச்ச காப்பி இன்னும் என் நாக்குல கசக்குது. பில்லு போடற ஆளைக் கேட்டேன், முடிஞ்சுதுன்ன. ஞாயித்துக்கிழமை வரட்டுமா? சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் கிளம்பறேன்.”

ஃபவ்வாஸ் தங்கையைப் பார்த்தான். நௌஃபா கண்ணைத் தாழ்த்தவில்லை. கை மட்டும் முக்காட்டின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியாது. சொன்னால் பாக்தாத் சாலை முழுக்க, காப்பி குடிக்கவைத்துவிட்டு வார்த்தை மாறியவன் என்று ஆகிவிடுவான். சரி என்று சொல்ல வாய் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

அவன் காப்பிக் கெண்டியைத் தரையில் வைத்தான். எழுந்தான். விருந்தாளி உட்கார்ந்திருக்க வீட்டுக்காரன் எழுந்து போவது அந்தப் பக்கத்தில் நடக்காத காரியம். அபூ துர்க்கியின் கண் அகலமாக விரிந்தது. ஃபவ்வாஸ் அவரைத் தாண்டினான், தவழ்ந்து வந்து கால்சட்டையைப் பிடித்த ராக்கானின் கையை விடுவித்தான், வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தும் நுழைக்காமலும், சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டான்.